ஜூலியா வாசிக்கக் கூடாத கீரைக் கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காகக் குகநேசன் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, ஒஸ்லோவிலை முதன்முதல் மண் கொத்தின தமிழ்ப் பொம்பிளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நீங்கள் பென்சன் எடுத்துப்போட்டுச் சும்மாதானே இருக்கிறியள்."

சும்மா இருப்பவனுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தால் விடுவானா? அந்தப் பெண்ணோ என் சொந்த அக்கா சிவமலர். முதலாமவர் அவள்தானா என்று எனக்குத் தெரியாது. குகநேசனுக்கும் தெரியாது. இரண்டாமவர் என்று போட்டால் யார் வாசிப்பார்கள்?

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பனிக்கரடிகள் உறுமித் திரிந்த அந்த வனாந்தரத்தில், கையில் ஒற்றை மண்வெட்டியுடன், முதுகில் கைக்குழந்தையுடன், தன்னந்தனியாக…"

அக்கா வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"டேய், கரடியை எடு."

"ஒரு கரடி மட்டும் நிக்கட்டுமே அக்கா?"

"ஒஸ்லோவிலை கரடி எங்கையடா? மிருகக்காட்சிச்சாலை கூட இல்லை."

கரடி போய்விட்டது. கைக்குழந்தையும் இறங்கிவிட்டது. மண்வெட்டி மட்டும் மெய்.

2

கொலோனிஹாகே என்றால் நகரத்துக்குள்ளேயே குத்தகைக்குக் கிடைக்கும் ஒரு துண்டு நிலமும், அதிலே ஒரு சின்ன மரக்குடிலும். கோடை முழுவதும் அங்கேயே குடியிருக்கலாம். வரிசையில் பெயர் பதிந்தவர்கள் பேரப்பிள்ளைகளின் கலியாணத்தையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.* நிபந்தனை ஒன்றே ஒன்று: நிலம் பற்றை மண்டிக் கிடக்கக் கூடாது, பயிர் நிற்கவேண்டும்.

(* இதில் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். கொஞ்சம்தான்.)

அக்கா வடக்கே மீன் தொழிற்சாலையில் விறைத்த விரல்களோடு சில வருடங்கள் நின்றுவிட்டு, ஒஸ்லோவின் ரொம்சோஸில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தவள். அவளுக்குக் கிடைத்த துண்டு, யாரும் வேண்டாமென்று தள்ளிவிட்ட சரிவு. அதிலிருந்து அவள் தோண்டியெடுத்த கற்களைக் கொண்டு ஒரு சிவன் கோயிலை, கோபுரத்தோடு…

[அக்கா ஓரத்தில் பென்சிலால் எழுதியது: ஒரு பூமரத்தைச் சுத்தி அடுக்கினனாங்கள். அவ்வளவுதான்.]

அக்காவின் பிள்ளைகள் ரிசாந்தும் சாருகாவும் தவழ்ந்தது அந்த மண்ணில். அத்தான் வரதராசா பஸ் ஓட்டிவிட்டு வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் வார்த்ததும் அங்கேதான். அவருடைய கடைசிக் கோடையில் வாங்கில் சாய்ந்துகொண்டு தக்காளிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். இது நான் கூட்டியது அல்ல.

3

இனித்தான் கதை.

அங்கே வருடத்தில் சில நாள் டுக்னாட் நடக்கும். எல்லோரும் கூலியில்லாமல் ஒன்றாகச் சேர்ந்து வேலிக்கு வர்ணம் பூசி, பாதை கூட்டுவது. அக்காவின் கணக்கில் அது கோயில் தொண்டு. தொண்டு என்றால் பின்னால் சோறு இருக்கவேண்டும். முதல் வருடமே ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் குழைத்துக்கொண்டு போய்விட்டாள். நோர்வேக்காரர் கடதாசியில் சுற்றிய இரண்டு பாண் துண்டுகளோடு மரத்துக்கு ஒருவராய் இருந்தார்கள். முதலில் திகைத்தார்கள். பிறகு சட்டி காலியாகிவிட்டது.

அடுத்த துண்டுக்காரி ஜூலியா சட்டியைக் கழுவினாள். கழுவியவள், பிடுங்கிய களையை உரக்குழிக்குக் கொண்டுபோக அந்தச் சட்டியையே எடுத்தாள். நடுவில் யாரோ கூப்பிட, நிறைசட்டியை வேலியருகே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா பார்த்தாள். தன் சட்டி. அதில் பச்சைப் பசேலென்று இலை.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். 'அட, வெள்ளைக்காரிக்கும் தெரிஞ்சிருக்கே!' என்று அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்து, மறுநாள் அதில் பாதியை ஜூலியாவுக்கே கொடுத்தாள்.

அந்த இலையின் பெயர் ஸ்க்வல்லர்கோல். அரச பரம்பரைகள் அழிந்தாலும் அது அழியாது. ஒரு வேரை அறுத்தால் நூறு முளைக்கும். அதைச் சபிக்காத தோட்டக்காரர் நோர்வேயில் இல்லை. அதை ஒருத்தி ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்ற செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து, சட்டி போகும்போது சோறு, வரும்போது கீரை. வருடக் கணக்காக.

4

இந்தப் பகுதியை எழுதலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

"அக்கா, உண்மையா அது நல்ல ருசியோ?"

அக்கா கதவைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எனக்கு அந்த மணமே ஒத்துவராதடா."

"என்ன? பின்னை ஏன் இவ்வளவு காலமும்?"

"அன்பாத் தாற சாமானை வேண்டாமெண்டு சொல்லுறதே?"

"அத்தான் சாப்பிட்டவரோ?"

"அந்தாள் பத்தைக்குப் பின்னாலை கொண்டுபோய் முயலுக்குப் போட்டுட்டு, 'அருமையான வறை'யெண்டு ஏப்பமும் விடும்."

5

போன குளிர்காலத்தில் அக்காவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. வசந்தத்தில் தோட்டப் பக்கம் போக முடியவில்லை. நிருவாகக் குழுவிலிருந்து அறிவித்தல் வந்தது: உங்கள் துண்டு பற்றை மண்டிக் கிடக்கிறது, டுக்னாட் நாளில் பார்வையிட்டு முடிவெடுப்போம்.

பேர்கனிலிருந்து சாருகா போன் எடுத்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. "விட்டிடுங்கோ அம்மா. உந்த இடுப்போடை இனி என்னத்தைக் குனியப்போறியள்?"

அக்கா போனை என்னிடம் தந்துவிட்டாள். பிறகு, என்னிடம் சொல்லாதது போலச் சொன்னாள்: "இந்த நாட்டிலை மற்ற எல்லாம் எனக்குத் தந்தது. உது மட்டும்தான் நான் செய்தது."

எவ்வளவு பற்றையென்று பார்க்க நான் போனேன். காடு, சிங்கம் கூட ஒளியலாம் என்றெல்லாம் எழுதும் ஆசையோடுதான் போனேன். அங்கே இருந்தது காடு இல்லை. துண்டு முழுவதும் ஸ்க்வல்லர்கோல், வரிசை வரிசையாக, பாத்தி பிடித்து. ஜூலியா வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாற்றை தோட்டத்திலையும் இருந்து வேரோடை கிளப்பிக்கொண்டுவந்து நட்டனான்," என்றாள். "சிவமலர் சுகமாகி வரேக்கை அவவுக்குப் பிடிச்ச கீரை நிக்கவேணுமெல்லோ?"

(ஜூலியா கதைத்தது நோர்வேஜிய மொழி. யாழ்ப்பாணத் தமிழ் என் கைங்கரியம். அது அவளுக்குப் பொருந்துகிறது.)

நூறு தலைமுறையாகப் பிடுங்கி எறிந்த களையைக் கையால் நட்ட முதல் நோர்வேக்காரி அவள். இந்த ஒரு 'முதல்' சரி என்று நான் எங்கேயும் சத்தியம் செய்வேன்.

6

டுக்னாட் நாள். அக்கா ஊன்றுகோலோடு வந்தாள். நிருவாகக் குழுத் தலைவர் பாத்திகளை ஒரு சுற்றுச் சுற்றினார். நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான்.

"சிவமலர், நீங்களே சொல்லுங்கோ. இது களையோ, பயிரோ? பயிரெண்டால் துண்டு உங்களுக்கு. களையெண்டால் வரிசையிலை நிக்கிற ஆளுக்குக் குடுக்கவேண்டி வரும்."

பக்கத்தில் ஜூலியா, சட்டியைக் கட்டிப்பிடித்தபடி.

முடிவு அ: சாருகா பேர்கனிலிருந்து ஓடிவந்து, மூச்சிரைக்க… (சாருகா இதை வாசித்துவிட்டுப் போன் எடுத்தாள். "மாமா, அண்டைக்கு எனக்கு வேலை. என்னை ஓடவிடாதேங்கோ." வெட்டிவிட்டேன்.)

முடிவு ஆ: அக்கா குனிந்து ஓர் இலையைக் கிள்ளி, எல்லோருக்கும் முன்னால் பச்சையாக மென்று… (இடுப்புக்கு ஆகாது.)

முடிவு இ: மெய்யாக நடந்தது. அக்கா ஒரே ஒரு சொல் சொன்னாள். ஆனால் அதை எழுதக் கையை வைத்தபோது சிக்கல் வந்தது.

7

"நாலாம் பகுதியை எடு," என்றாள் அக்கா.

"அதை எடுத்தால் கதை இல்லை."

"மலரிலை என்ரை படம் வரும். ஜூலியா போனைப் பிடிச்சு மொழிபெயர்த்து வாசிச்சுப்போடுவாள். அவளுக்கு எல்லாம் அறியவேணும்."

"குழு வாசிச்சால் துண்டு போயிடுமெண்டு பயமோ உனக்கு?"

"துண்டு போனால் தூரத்திலை நிண்டு பாப்பன். இதை அவள் வாசிச்சால், அவளை எப்பிடியடா பாக்கிறது?"

 

ஆகவே, அன்புள்ள ஜூலியா: நான் ஒரு புளுகன். கரடி புளுகு. கோபுரம் புளுகு. நாலாம் பகுதியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். முயல் மட்டும் இருக்கட்டும்.

அன்புள்ள வாசகரே: உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு பேனையை எடுங்கள்.

அக்கா சொன்னாள்: "………………………"

நிரப்புங்கள். அச்சடித்த எழுத்தைத்தான் அந்தப் போன் வாசிக்கும். எங்கள் ஆட்களின் கையெழுத்தை வாசிக்க ஒரு போன் இன்னும் பிறக்கவில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. இன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மேசையில் அந்தப் பெரிய சட்டி, சுடச்சுடச் சோறு, துணியால் கட்டியிருந்தது.

"கொண்டுபோய் ஜூலியாட்டைக் குடு," என்றாள். பிறகு வாசல்வரை ஊன்றுகோலோடு வந்து கூப்பிட்டாள்.

"டேய், வெறுஞ்சட்டியாத் தந்தால் வாங்காதை."