கோடு முடியும் வரை

"அடியே லோர்னா, பந்தம் பிடிக்கிறியா, பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறியா?"

டொயோட்டா வண்டியின் திறந்த பின்பக்கத்தில், மெத்தையில் சாய்ந்தபடி அக்கா கத்தினாள். கத்துவதாக அவள் நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தங்கை நோலினுக்கே பாதிதான் கேட்டது. ஆனாலும் மணல்மேட்டின் அடியில், தீயைச் சொட்டவிடும் எண்ணெய்ப் பந்தத்தோடு நின்ற லோர்னா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அவ என் புருஷன் தங்கச்சி. நான் திட்டுனா மட்டும் காது கேக்கும்" என்றாள் அக்கா.

மருத்துவமனை கவுனுக்கு மேலே, நிலம் காக்கும் ரேஞ்சர் சட்டையை மாட்டியிருந்தாள். வீங்கிய கையால் பொத்தான் போட முடியவில்லை. நோலின்தான் போட்டுவிட்டாள்.

டவுனில் டயாலிசிஸ் மெஷினை விட்டுவிட்டு அவள் வந்து எட்டு நாளாகிறது. சாகத்தான் வீட்டுக்கு வருகிறாள் என்று எல்லோரும் அழுவதற்குத் தயாராக இருந்தார்கள். இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கப்பா நிலத்துல குளிர்கால நெருப்பு வச்சாச்சா?"

வைக்கவில்லை.

அவள் கண் மூடினால், அவர்கள் வழக்கப்படி, துக்கத்துக்காக அந்த நிலமும் மூடிவிடும். குடும்பம் மறுபடி திறக்கும்வரை, ஒரு வருஷமோ இரண்டோ, அங்கே யாரும் போகக்கூடாது, வேட்டையாடக்கூடாது, தீ வைக்கக்கூடாது. அதற்குள் கோடையில் ஒரு மின்னல் விழுந்தால் போதும். பத்து வருஷமாக வளர்ந்த முள்ளுப்புல் முழுக்க ஒரே தீயாகப் போய்விடும். மணலில் வளை தோண்டிக் குடும்பமாக வாழும் ஜாகுரா அரணைகளுக்கு ஒளிய ஒரு புதர் மிஞ்சாது. காட்டுப்பூனைகள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும். இப்போதே வளைகளைச் சுற்றி ஒரு பட்டை எரித்துவைத்தால் பெருந்தீ அங்கே வந்து நின்றுவிடும்.

காலையிலிருந்து காற்று தவறான பக்கம் வீசியது. அக்கா அடிக்கடி ஒரு பிடி மணலை எடுத்துக் கீழே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்காரி கேட்டா, உனக்கு என்ன வேலைன்னு. எங்க சனத்தோட நாட்டைப் பாத்துக்கிறேன்னேன். எவ்வளவு நாடுன்னா. உன் கார்ல ஒரு நாள் பூரா ஓட்டுனாலும் அந்தப் பக்கம் போய்ச் சேர முடியாதுன்னேன்."

"நம்புனாளா?"

"நர்ஸைக் கூப்பிட்டு, இவளுக்குப் புத்தி பிசகிருச்சுன்னு சொன்னா."

இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு இருமலில் முடிந்தது. அதற்கப்புறம் விட்ட மணல் சரியான பக்கம் சாய்ந்து விழுந்தது.

"இப்ப" என்றாள். "போ."

லோர்னா ஒரு முனையில், நோலின் மறுமுனையில். இரண்டு கோடும் நடுவில் சேர வேண்டும். பாதியில் விட்டால் தீ வளைந்து வளைகள் பக்கமே திரும்பிவிடும். வெளியோரத்தில் ராடி முதுகுத் தொட்டித் தண்ணீர்க் குழாயோடு போனான். அவன் அவர்களுக்குத் தம்பி முறை, நாற்பது வயதுக்காரன், சும்மா இருக்கத் தெரியாதவன்.

முள்ளுப்புல் பிசினோடு சடசடவென்று பற்றியது. கருப்புப் புகை மேலே போய் வெளுத்தது. நோலின் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பந்தத்தில் எண்ணெய் தீர்ந்ததும்தான் வண்டிக்கு வந்தாள்.

அக்காவின் கண்கள் மூடியிருந்தன. இரண்டு இமைகளிலும் விரல் பட்ட தடமாகக் கரி ஒட்டியிருந்தது.

நோலின் தன் கையைப் பார்த்தாள். அவள் அக்காவை இன்னும் தொடவே இல்லை.

போர்வை கழுத்துவரை இழுத்துச் செருகப்பட்டிருந்தது. எண்ணெய் டின் மூடி திறந்து கிடந்தது. எண்ணெய் எடுக்க வந்தால் லோர்னா எப்போதும் மூடியைத் திருப்பிப் போட மாட்டாள்.

தொண்டைக்குள் ஒப்பாரி எழுந்து வந்தது. அதை வெளியே விட்டால் ராடி குழாயைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும், நின்றுதான் ஆக வேண்டும். புகைக்கு நடுவே லோர்னாவின் முதுகு தெரிந்தது. குனிந்து, ஒரு அடி வைத்து, தீயைச் சொட்டவிட்டு, அடுத்த அடி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

நோலின் சட்டைக் கையைப் பல்லில் கடித்துக்கொண்டு பந்தத்தை நிரப்பினாள்.

வழியில் ராடி கேட்டான். "அக்கா எப்படியிருக்கா?"

"தூங்குறா. நீ அந்த ஓரத்துல அடி."

"இந்தப் புகையிலயா? வந்து நாலு வார்த்தை திட்டுவான்னு பாத்தேன்."

"அடின்னு சொன்னேன்ல!"

வெயில் சாயத் தொடங்கியபோது இரண்டு பெண்களும் எதிரெதிரே வந்தார்கள். நடுவில் பத்தடி புல் மிச்சமிருந்தது. லோர்னாவின் முகத்தில் கரி, கண்ணீர் வழிந்த கோடுகளில் மட்டும் இல்லை. புகையால்கூட இருக்கலாம்.

"நீ வை" என்றாள் லோர்னா. "உங்கப்பா நிலம்."

நோலின் வைத்தாள். இரண்டு தீயும் சேர்ந்து ஒருமுறை உயர்ந்து, காற்றின் போக்கில், போன வருஷம் எரித்த பக்கத்து வெற்றுத்தரையை நோக்கிப் போனது. வளைகள் இருந்த பக்கம் ஒரு புல்கூடக் கருகவில்லை. லோர்னா பந்தத்தை மணலில் குத்தி அணைத்தாள். தொப்பியைக் கழற்றினாள். சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரமாக உள்ளே வைத்திருந்த குரலை விட்டாள். நோலினின் குரலும் சேர்ந்துகொண்டது.

ராடி ஓடிவந்தான். அக்காவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். செத்தவர் பெயரை அவர்கள் வழக்கத்தில் இனி சொல்லக்கூடாது.

அழுது முடித்ததும், செத்தவர் தடம் மண்ணில் மிஞ்சக்கூடாது என்று, வண்டியைச் சுற்றி அக்கா நடந்த தடங்களை மரக்கிளையால் கூட்டி அழித்தார்கள். அதிகம் இல்லை. ஆறேழு அடிதான் நடந்திருந்தாள்.

"எப்போ?" என்று ராடி நோலினைக் கேட்டான். "நீ எண்ணெய்க்கு வந்தப்பவா?"

அவன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கருப்புக் கோட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கோணல் இல்லாம வச்சிருக்கீங்க" என்றான்.

நோலின் பின்பக்கம் ஏறி அக்காவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். இமைகளில் இருந்த கரியைத் துடைக்கவில்லை. மண்பாதையில் ராடி அறுபதுக்குக் கீழே ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு முதல் கியரிலேயே போனான். ஒவ்வொரு பள்ளம் வரும்போதும், "பள்ளம்" என்று முன்னாலிருந்து லோர்னா சொன்னாள். நோலின் கையைத் தலைக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள்.