நாலு, அஞ்சு, நாலு

1

சில்லென்று இல்லையே.

அந்த நினைப்பு வசந்தகுமாரியின் மனதில் ஓடி மறைய ஒரு நொடிகூட ஆகவில்லை. சொட்டு மருந்துக் குப்பி அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது. எதிரே வரிசையில் முப்பத்தெட்டுக் குழந்தைகள், பாதிக்கு மேல் அழுதுகொண்டு. அவள் குப்பியைத் திறந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நினைப்பு அவளுடையது அல்ல, நான் கொடுத்தது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், ஆவடியில் குவார்ட்டர்ஸ் வாசலில், என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்துக்கு நின்றிருந்தேன். எங்கள் முறை வந்தபோது நர்ஸ் குப்பியை எடுத்துத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பெண்ணின் வாயில் இரண்டு சொட்டு விட்டார். என் பெண் ஓடி ஆடி வளர்ந்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு அன்று என்ன தோன்றியது என்று நான் கேட்கவேயில்லை. ஒன்றுமே தோன்றாமலும் இருந்திருக்கலாம். கன்னத்தில் கொசு கடித்திருக்கலாம்.

கேட்காமல் விட்ட ஒன்றை வைத்துக்கொண்டு கதை எழுதுகிறவளை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள் சில வீணாயின.

"மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை காலை, வசந்தகுமாரி பஸ்ஸை விட்டு இறங்கி..."

(மே மாதத்தில் ஏது மழை?)

"வசந்தகுமாரி கடமையில் கண்ணானவள். பன்னிரண்டு வருட சர்வீஸில் ஒருநாள்கூட..."

(முதல் வரியிலேயே நற்சான்றிதழ் கொடுக்கிற கதாசிரியரைக் கண்டால் எனக்கே சந்தேகம் வரும்.)

கடைசியில் வெறும் தகவலோடு தொடங்குவதென்று முடிவு செய்தேன். வருடம் 1989. பூந்தமல்லிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவில் ஓர் ஊர், அதில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டுமே என் கற்பனை. பெயர் வைக்கவில்லை. வைத்தால், அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வேலை பார்த்த ஏதோ ஒரு பாவப்பட்ட மனுஷி மீது உங்கள் கண் போகும். வசந்தகுமாரி அங்கே கிராம சுகாதார நர்ஸ். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் நிலையத்து பிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்து, பனிக்கட்டி வைத்த நீலப் பெட்டியில் அடுக்கி, தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். பெட்டியைப் பார்த்ததும் பொடிசுகள் "ஐஸு! ஐஸு!" என்று பின்னாலேயே ஓடிவரும். பெட்டிக்குள் ஊசி இருப்பது தெரிந்ததும் அதே வேகத்தில் திரும்பி ஓடும்.

3

அந்த மே மாதம் ஒன்பதாம் தேதி பிரிட்ஜ் ரிப்பேர் ஆயிற்று. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினேழாம் தேதி சாயங்காலம்தான் திரும்பி வந்தது.

நடுவில் மருந்தெல்லாம் எங்கே இருந்தது? நிலையத்துக்கு எதிரே வீராசாமியின் கலர் கடையில், ஐஸ் பெட்டிக்குள், கோலி சோடாவுக்கும் ஆரஞ்சு கலருக்கும் நடுவில் இருந்தது. கத்திரி வெயில். கலர் கேட்டு ஆள் வரும்போதெல்லாம் பெட்டி திறக்கும். மத்தியானத்துக்குள் ஐஸ் எல்லாம் தண்ணீர்.

ஏற்பாடு மணவாளனுடையது. நிலையத்தின் மருந்தாளுநர். அவரைத் திருடராக்கிவிட்டால் கதை சுளுவாக முடிந்துவிடும், எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் மாற்று பிரிட்ஜ் கேட்டு மேலே மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றுக்கும் பதில் இல்லை. குப்பைத் தொட்டியில் போடாமல் ஐஸில் வைத்தாரே, அதுவே அவர் மட்டில் பெரிய அக்கறை.

முதல் பகுதியில் பார்த்தது பத்தாம் தேதி, புதன்கிழமை. பிரிட்ஜ் வந்ததும் மிச்சக் குப்பிகளை எடுத்து மறுபடி அதில் வைத்தார்கள். ஜூனிலும் ஜூலையிலும் அவைதான் போயின, இந்தத் தடவை நன்றாகச் சில்லென்று.*

* வெயில் பட்டுச் செத்த சொட்டு மருந்தை மறுபடி குளிரவைத்தால் உயிர் வராது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. குப்பியைப் பார்த்துக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் வழியும் கிடையாது. பிரிட்ஜின் பக்கத்தில் தொங்கும் வெப்பநிலைத் தாளைத்தான் நம்ப வேண்டும்.

4

அந்தத் தாளுக்கு வருகிறேன்.

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை பிரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. அன்றாடம் யார் எழுதினார்கள்? மாசக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுவதுதான் வழக்கம்.

முதல் பிரதியில் மணவாளன் சொல்ல வசந்தகுமாரி பேசாமல் எழுதினாள். சொன்னதைச் செய்தாள், பாவம். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது அந்த 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. இது இரண்டாவது பிரதி:

"தங்கச்சி, உன் கையெழுத்து முத்து முத்தா கீது. என்னுது கோழி கிளறின மாரி. நான் சொல்றேன், நீ போடு" என்றார் மணவாளன். "நாலு. அஞ்சு. நாலு. நாலு. இன்னாம்மா, நாலு நாலுன்னே போட்டுக்கினு போறே? நடுவுல ஒரு ஆறு வுடு. எல்லாம் ஒண்ணா இருந்தா பாக்கறவனுக்கு டவுட் வரும்."

அவள் ஆறு போட்டாள். எட்டாம் தேதியைத் தாண்டியதும் பேனா நின்றது.

"அண்ணே, ஒம்பதுலேர்ந்து பதினேழு வரிக்கும் பிரிட்ஜே இல்லியே?"

"செவுத்துல ஆணி இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"தாளு தொங்கிச்சா?"

"தொங்கிச்சு."

"அப்ப போடு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். நாலு. அஞ்சு. நாலு. இல்லாத பிரிட்ஜுக்குள் ஒன்பது நாள் நல்ல குளிர்.

அந்தக் கேள்வியை அவள் வாயில் நான் வைத்திருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள் என்றால் தெரிந்துதான் எழுதினாள் என்று ஆகிறது. இனி அவளை என்னால் காப்பாற்ற முடியாது.

5

குல்ஷன், மெத்தை தைக்கிற உஸ்மான் கனியின் மனைவி. அந்த வருடம் மார்ச்சில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது, நஸீமா. மே, ஜூன், ஜூலை என்று மூன்று தவணைக்கும் குல்ஷன் தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜூலையில் நஸீமாவுக்குக் கொஞ்சம் சளி. "போட்லாமா நர்ஸம்மா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கவிட்டாள். மூன்று தேதிகளும் மஞ்சள் தடுப்பூசி அட்டையில் வசந்தகுமாரியின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன.

மறுவருடம் ஏப்ரலில் நஸீமாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் வலது காலைத் தூக்கிவிட்டால் அது அப்படியே தொப்பென்று விழுந்தது.

விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் உட்காரும் முன்பே ஒன்றைத்தான் கேட்டார்கள்: "சொட்டு மருந்து போட்டியா, போடலியா?" குல்ஷன் வாயால் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். உள்ளே போய் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து வந்து காட்டுவாள். நாத்தனாருக்குக் காட்டினாள். மாமியாருக்கு இரண்டு தரம் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்கள்கூட வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்கள்.

6

நிலையத்து டாக்டர் ரகுநாதன் வசந்தகுமாரியை அழைத்து உட்காரச் சொன்னார். நர்ஸை உட்காரச் சொல்லும் டாக்டர் அபூர்வம்.

"வெள்ளிக்கிழமை மாவட்டத்திலேர்ந்து விசாரணைக்கு வர்றாங்க. மூணு தவணை போட்ட குழந்தைக்குப் போலியோ எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அப்புறம் பிரிட்ஜ் தாளைக் கேப்பாங்க. ரிப்பேருக்குப் போன ரசீது மணவாளன் ஃபைல்ல இருக்கு. தாள் உங்க கையெழுத்துல இருக்கு."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போனாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. ரெண்டாவது, மூணாவது தவணைக்கு அந்தப் பொண்ணு வரலை. வீட்டுக்குப் போய்க் கேட்டப்பவும் மறுத்துட்டா. அவ்ளோதான். ஸ்டேட்மெண்ட் டைப் ஆயிட்டிருக்கு, நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க. நம்ம பதிவேட்டை நான் பாத்துக்கறேன். அவ கையில இருக்கற அட்டையை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. புது அட்டை தர்றோம்னு சொல்லுங்க."

"மறுத்துட்டான்னா நம்புவாங்களா சார்?"

"அவங்க ஆளுங்க மறுக்கறது புதுசா? ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

வசந்தகுமாரியின் பதிவேட்டில் ஒரு தவணைகூட விடுபடாத தெரு குல்ஷனின் தெருதான். அவளுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

(இங்கே என்மேலும் எனக்கு ஒரு சந்தேகம். தாய்க்கு குல்ஷன் என்று ஏன் பெயர் வைத்தேன்? கண்ணம்மா என்று வைத்திருந்தால் டாக்டரின் பொய் அரை நாள் தாங்காது. குல்ஷன் என்றால் விசாரிக்காமலே நிற்கும். அது எனக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது, யாரிடமிருந்து கற்றேன் என்று யோசித்தால் பேனாவை வைத்துவிடத் தோன்றுகிறது.)

7

வசந்தகுமாரி போனாள். போகத்தான் செய்தாள். அதை மறைக்க நினைத்தேன், முடியவில்லை.

உஸ்மான் கனி வாசலில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் பஞ்சு. விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"புது கார்டா? பழசு நல்லாத்தான கீது. இன்னாத்துக்குப் புதுசு?"

"ஆபீஸ்ல கேக்கறாங்க."

"புள்ளைக்குக் காலு போனப்பறந்தான் ஆபீஸுக்குக் கண்ணு தெர்யுதா?"

"சும்மா இரேன்" என்று உள்ளேயிருந்து குல்ஷன் அதட்டினாள். "நீ வா நர்ஸம்மா. அது அப்டித்தான், யாரையும் நம்பாது. நேத்து எங்க அண்ணனையே வாசல்ல நிக்க வெச்சு கேள்வி கேக்குது."

யாரோ ஆர்டர் கொடுத்திருந்த புது மெத்தையின் மேல் நஸீமா படுத்திருந்தாள். இடது கால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத" என்றாள் குல்ஷன், குரலைத் தாழ்த்தி. "மூணு வாட்டியும் நீதான போட்ட? அந்தக் கடைசி வாட்டி சளி வந்து இருமிக்கினே கீதுன்னு சொன்னேன்ல. துப்பிட்ச்சா? நான் சரியா புடிக்கலியா?"

"துப்பல."

"நல்லா நெனப்பு கீதா?"

"நல்லா இருக்கு குல்ஷன். துப்பல. நீ சரியாத்தான் புடிச்சிருந்த."

குல்ஷன் மூச்சு விட்டாள். பிறகு அட்டையை எடுத்துவந்து முந்தானையால் ஒருதரம் துடைத்து நீட்டினாள். "எத்துக்கினு போ. உனக்கு இல்லாததா."

8

அட்டை நீண்டபடி இருக்கிறது. நான் நாலு மாதம் இந்த இடத்திலேயே நின்றேன்.

ஒரு முடிவு: வாங்கிக்கொள்கிறாள். வேலை தப்புகிறது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு குல்ஷன், மருந்துக்கு வராத தாய். நாத்தனார் நாக்கில் அது ஆயுள் முழுக்க இருக்கும்.

இன்னொரு முடிவு: அங்கேயே மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். கலர் கடை, தாள், நாலு, அஞ்சு. இதை மூன்று தடவை எழுதினேன். "குல்ஷன், என்னை மன்னிச்சி..." மூன்று தடவையும் குரல் என்னுடையதாக இருந்தது. மனசைக் கழுவிக்கொள்ளும் அவசரம் எனக்குத்தான். கேட்டுவிட்டுப் பிள்ளையோடு அந்த வீட்டில் இருக்கப் போகிறவள் குல்ஷன். தவிர, ஒழுங்காகக் குளிரில் வைத்த மருந்தை மூன்று தவணை குடித்தும் கால் போன குழந்தைகள் உண்டு. நஸீமாவின் கால் அந்த ஒன்பது நாளில்தான் போயிற்று என்று வசந்தகுமாரி சத்தியம் செய்ய முடியாது. போகவில்லை என்றும் செய்ய முடியாது.

ஒருநாள் அவள் சொல்லுவாளா? உங்களுக்குத் தோன்றுகிறபடி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அவள் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல் டாக்டர் அறையில் நடந்தது மட்டும் எனக்குத் தெரியும்.

டைப் அடித்த தாள் மேசைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. 'தாய் மறுத்துவிட்டார்' என்பதற்குக் கீழே, கையெழுத்துக்கு இடம். மேலே பேனா. மணவாளன் கதவருகே நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டை?" என்றார் டாக்டர்.

"கொண்டுவரலை சார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. குடுக்க மாட்டேன்னுட்டாளா? நல்லதுதான். அதையும் ஒரு வரி சேத்துடலாம்."

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம்.

"குடுத்தாங்க சார்" என்றாள் வசந்தகுமாரி. பேனாவை எடுத்தாள், மூடியைத் திருகி மூடினாள், அவர் பக்கமாக வைத்தாள். "நான்தான் வாங்கலை."