யாரோ போட்ட கோடுகள்

சனோபரின் முதல் மின்நூல் வாசிப்புக் கருவி, பக்கம் திருப்பப் பொத்தான் வைத்த பழைய ரகம். மண்ணரையில் ஒரு செல்போன் கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தெரியும். இரண்டாவதில் எழுத்து ஒழுங்காக வந்தது, விளக்கும் இருந்தது. ஆனால் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு மேசையிலிருந்து விழுந்து பாதித் திரை கறுத்துப்போனது. கணவர் ரபீக் அதைக் கடைக்கு எடுத்துப் போனார்.

"தேறாதுன்னுட்டாங்க" என்றார் திரும்பி வந்து.

மூன்றாவதைப் புதிதாகவே வாங்கினாள். அகலமான திரை. தன் கணக்கில் நுழைந்ததும் பழைய புத்தகங்களெல்லாம் வந்து இறங்கின.

பாதியில் விட்டிருந்த நாவலைத் திறந்தபோது கருவி கேட்டது: 'வேறு கருவியில் இதைத் தாண்டிப் படித்திருக்கிறீர்கள். அங்கே போகலாமா?'

ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பிறகு, அவள் இன்னும் எட்டாத பக்கங்களில் வரிகளுக்கு அடியில் கோடுகள் தெரிந்தன.

துணிக் குறை பார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் பக்கத்தில் நிற்கும் கோமளாவிடம் ஒருமுறை கருவியைக் கொடுத்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

"எம் புக்க நீ எதுலயாச்சும் படிக்கறயா கோமளா?"

"எனக்கு எதுக்குங்க்கா அது? நான் படிக்கறதே இல்லீங்க."

கேட்டிருக்கக் கூடாது என்று சனோபருக்குக் கூசியது. கணக்கில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். தேறாது என்ற இரண்டாவது கருவி அன்று காலைகூட இயங்கியிருந்தது.

அதைக் கடைக்கு எடுத்துப் போன ரபீக் மங்கலத்தில் தறிக்கூட சூப்பர்வைசர். செய்தித்தாள்கூடப் படிக்காதவர். நேரே கேட்டால் மழுப்புவார் என்று தோன்றியது. சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகப் பொய்யாக ஒன்றைச் சொன்னாள்.

"இப்பப் படிச்ச கதையில அந்தத் தங்கச்சி கடைசியில செத்துப் போயிர்றா."

"இல்லியே, ஊருக்குத் திரும்பி வந்துர்றால்ல" என்றவர், கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.



"திரைய மாத்திக் குடுத்துட்டாங்க" என்றார் ரபீக். "எடுக்குதான்னு தொறந்து பாத்தேன். 'இந்த ஆளோட இனி ஒரு நாளும் இருக்க முடியாது'ங்கற வரிக்குக் கோடு போட்டிருந்தே. என்னையச் சொல்றயோன்னு ஆயிருச்சு. வேற எதுக்கெல்லாம் போட்டிருக்கேன்னு பாக்க, தேறாதுன்னு சொல்லி வெச்சுக்கிட்டேன்."

"வேவு பாத்தீங்களாக்கும்."

"மொதல்ல அதுதான். அப்புறம் கதை என்னாச்சுன்னு தெரியாம இருக்க முடியல. புடிச்ச எடத்துல நானும் கோடு போட்டேன். அது உனக்கு வரும்னு தெரியாது."

"உங்கள நெனச்சுத்தான் அந்தக் கோடு போட்டனுங்க" என்றாள் சனோபர். "உங்க அண்ணன் முன்னால என்னைய வாய மூடுன்னீங்களே, அன்னிக்கு."

"அது என் தப்புதான்" என்றார் ரபீக்.

தன் கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கும் பக்கத்தை அவள் செல்லில் திறந்தாள். ஒரு தொடுதலில் முடிந்திருக்கும். மூடிவிட்டாள்.

"படிங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு படிங்க."

இப்போது இருவரும் படிக்கிறார்கள். கதையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வரி பிடித்துப்போய் விரல் வைக்கும்போதெல்லாம், இதை அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார் என்று யோசித்து சனோபர் விரலை எடுத்துவிடுகிறாள். அவர் பக்கமிருந்தும் கோடு எதுவும் வருவதில்லை.