முடிச்சில்லாத மாலை

மணிமாலை கேட்டுப் பட்டறைக்கு வருகிற எவரிடமும் தாகாத் முதலில் கேட்பது ஒன்றுதான்: பின்கயிறு வைக்க வேண்டுமா? உயிரோடிருப்பவர் கழுத்துக்கென்றால் இரு முனையிலும் துளை விட்டுக் கயிறு கோக்க வேண்டும். கல்லறைக்குப் போகிற மாலைக்கு அது வேண்டாம். படுத்திருப்பவர் மார்பில் பரப்பி வைத்தால் போதும், எங்கே நழுவிவிடப் போகிறது? அக்காவின் புருஷன் நெப்நக்த் பட்டறைக்கு வந்தபோதும் அதையேதான் கேட்டாள். அவன் சூளையைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம்" என்றான்.

"அக்கா நேத்துகூட வெங்காயக் கஞ்சி குடிச்சாளே, அத்தான்."

"ஆத்துல வெள்ளம் ஏறிட்டா சூளைய அணைச்சிடுவாங்க. அப்புறம் வெறுங்கழுத்தோடதான் அனுப்பணும். யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே தன்மேல் ஆத்திரம் பொங்கியது, அவன்மேலும். ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். மணலை அரைத்துச் சுட்ட நீல மணிகள், ஐந்து வரிசை. அடிவரிசையில் மட்டும் யாரும் கேட்காத பச்சை மணிகளைத் தொங்கவிட்டாள். முனைகளில் துளை விடவில்லை.

கொண்டுபோனபோது அத்தான் ஆற்றங்கரைக்குப் போயிருந்தான். அக்கா இயுய் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள்.

"கூடையில மாலைதானே? பக்கத்து வீட்டுக்காரி உளறிட்டா. பன்னெண்டு வருஷத்துல ஒத்த மணி வாங்கித் தராத மனுஷன்டி! இந்த வருஷ வெள்ளத் திருவிழாவுக்கு என்னைப் படகுல கூட்டிட்டுப் போகப்போறாரு போல." இருமி முடித்து எழுந்து உட்கார்ந்தாள். "கட்டி விடு."

அத்தான் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அதற்குள் முதுகைத் திருப்பி, கூந்தலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். பிடரி எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தாகாத் மாலையை மார்பில் வைத்து முனைகளைப் பின்னுக்கு இழுத்தாள். அவை ஒன்றையொன்று எட்டவில்லை. இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சுப் போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"வாசலுக்குப் போறேன். வாயாடிங்க எல்லாரும் பாக்கட்டும்."

ஒரு மாதமாக எழாதவள் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். தாகாத் பிடியை விடாமல், அக்காவின் குதிகாலை மிதித்துவிடாமல், ஒட்டியபடியே பின்னால் நடந்தாள். வாசல் வெயிலில் நீலம் பளிச்சென்றது. எதிர்வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் என்னடி பிடிச்சுக்கிட்டு?" என்றாள் இயுய், சிரித்துக்கொண்டே. "கையை எடு, கூசுது."

தாகாத்தின் விரல்கள் வியர்த்து வழுக்கத் தொடங்கியிருந்தன.