கட்டிலின் மேல் போட்ட துண்டு

மாணிக்கவேலின் வாயை உடைத்தது நான்தான். ஸ்டேஷனிலும் அதைத்தான் சொன்னேன்.

பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணி செத்த வீட்டைக் காலி செய்தார்கள். மகள் சத்யப்ரியா பெங்களூர் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலை சாமான்களை எல்லாம் தெருவில் பரப்பி விற்றாள். இப்படி வீடு காலி செய்கிற இடம் எதையும் நான் விடுவதில்லை. விடிந்ததும் போய்விடுவேன். தாமதித்தால் கழிசடையை நல்ல சாமான் என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

அன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான். கோதண்டபாணி கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில். கால்மாட்டில் கைப்பிடியைச் சொருகிச் சுற்றினால் தலைப்பக்கம் நிமிரும். என் பெண்சாதி தில்லையம்மாள் வாதம் அடித்துப் பாயில் கிடக்கிறாள். படுத்த வாக்கில் கஞ்சி கொடுத்தால் புரையேறி உயிர் போய்விடும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வேளையும் அவளைத் தூக்கி என் நெஞ்சில் சாய்த்துத்தான் ஊட்டினேன்.

விலை பேசினேன். படிந்தது. ஆனால் சாமான் வண்டி ஏறாமல் காசு கொடுக்கிறவன் நான் இல்லை. பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோலக் கட்டில்மேல் துண்டைப் போட்டேன். எங்கள் தெருக்களில் துண்டு விழுந்த சாமானை இன்னொருத்தன் தொடமாட்டான். அப்படியும் மனசு கேட்கவில்லை. கைப்பிடியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு வண்டி பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் துண்டு சாக்கடையில் கிடந்தது. கட்டில், பழைய சாமான் கடை மாணிக்கவேலின் குட்டியானை வண்டியில் ஏறிவிட்டது.

“டேய், அது என் கட்டிலு. எறக்குடா.”

“துண்டு போட்டா உன்துதா? இது இன்னா பஸ்ஸா பெருசு? நான் துட்டு குடுத்துக்கீறேன்.”

சத்யப்ரியா கையைப் பிசைந்தாள். “தாத்தா, நீங்க போய்ட்டீங்கன்னு நெனச்சிட்டேன்…”

“கைப்பிடிய இங்க குடு” என்றான் மாணிக்கவேல். “உன் சம்சாரம் எப்டியும் போறவதான? அதுக்கு இன்னாத்துக்குயா இதெல்லாம்?”

கொடுத்தேன். வாயில் கொடுத்தேன்.

பல் தெறித்து இட்லித் தட்டில் விழுந்தது. அவன் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டேன். மடிந்து விழும்போது என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். எவர்சில்வர் குடங்கள் உருண்டன. அவன் என்மேல் ஏறி உட்கார்ந்து அம்மிக் குழவியைத் தூக்கி என் தோளில் போட்டான். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இடது கையால் அவன் காதைப் பிடித்துத் திருகினேன். அவன் வாய் ரத்தம் என் கண்ணில் சொட்டியது.

என் பக்கத்து வீட்டு இந்திராணி ரத்தம் படாமல் கிரைண்டரை நகர்த்தி வைத்துவிட்டு, “இது இன்னா வெலமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்துதான் பிரித்தது. மாணிக்கவேலுக்கு உதட்டில் தையல், எனக்குத் தோளில் கட்டு. “கிழவன்மேல கேஸு வேணாம்” என்று அவன் எழுதிக் கொடுத்தான். கைப்பிடி மட்டும் ஸ்டேஷனில் தங்கிவிட்டது. அடித்த ஆயுதமாம்.

சத்யப்ரியா அவன் காசை அவனிடமே கொடுத்துவிட்டாள். ரத்தம் பட்ட கட்டில் வாசலில் நிற்கக்கூடாது என்று என் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள்.

கட்டில் வந்தது. கைப்பிடி இல்லாமல் பலகைபோலக் கிடந்தது. தோள் உடைந்த என்னால் தில்லையம்மாளைத் தூக்க முடியவில்லை. இந்திராணி தலையணைகளை அடுக்கிச் சாய்த்து ஒரு கரண்டி ஊட்டினாள். தில்லையம்மாள் தலையணையிலிருந்து சரிந்தாள். புரையேறிக் கண் மேலே சொருகிவிட்டது. நெஞ்சைத் தட்டித் தட்டி மூச்சை மீட்டோம். “என்னால ஆவாதுபா” என்று இந்திராணி கரண்டியை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மாணிக்கவேலின் கடைக்குப் போனேன். அதே மாதிரிக் கட்டில் ஒன்று நின்றது, கைப்பிடியோடு. துண்டை எடுத்து அந்தக் கைப்பிடிமேல் போட்டேன்.

அவன் துண்டைப் பார்த்தான். கைப்பிடியைக் கழற்றி என் தலைக்கு மேலே ஓங்கினான். நான் நகரவில்லை. பிறகு அதை என் காலடியில் விட்டெறிந்தான்.

“துட்ட வெச்சிட்டு எடுத்துக்கினு போய்யா.” வீங்கிய உதட்டில் பேச்சு பாதிதான் வந்தது.

குனிந்து எடுத்தேன்.

“மொதல்ல பொருந்துதான்னு பாக்கறேன். அப்பறம்தான் துட்டு” என்றேன்.