வெற்றிலை இல்லாத கூடை

எம்பிலிப்பிட்டியவில் யாருடைய கடையையோ பார்த்துவிட்டு வந்து, என் கணவர் லாபிர் எங்கள் பலாங்கொடைக் கடையையும் மாற்றிவிட்டார். பழைய கண்ணாடி அலுமாரிகளைக் கழற்றிவிட்டுச் சுவர் நெடுகத் தட்டுகள் அடித்தார். சிவப்புப் பிளாஸ்டிக் கூடைகள் வந்தன. இனி வேண்டியதை அவரவரே எடுத்து, வாசலோரம் இருக்கும் என் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வேலை மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டார். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அதுவரை பழைய பத்திரிகையில் சுற்றி நூல் கட்டிப் போன சாமானெல்லாம், இப்போது திறந்த கூடையில் என் கண் முன்னால் வரிசையில் நின்றது. அடுத்தவர் அடுப்படியை அந்த வீட்டுக்குப் போகாமலே பார்க்கலாம்.

பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன வானத்து மலக்கா?

வங்கியில் வேலை செய்யும் சிங்கள மாத்தயா ஒருவர் முகம் வெளுக்கும் கிறீமைப் பருப்புப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருவார். அந்தக் கறுப்பு அவருக்கு எவ்வளவு அழகு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை போலும். மருமகளுக்குத் தெரியாமல் சாக்லேட் பிஸ்கட்டை வெங்காயத்துக்குக் கீழே புதைக்கும் மாமியார் ஒருத்தி உண்டு. அவள்மேல் எனக்குத் தனிப் பிரியம். புதிதாகக் கலியாணம் முடித்த சதீஸ் வாராவாரம் நூடுல்ஸ் வாங்குவான். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்பேன் நான். சமைக்க விட்டால்தானே, இவன் அவளுக்குப் பின்னாலேயே திரிகிறான் என்பாள் குமாரி.

குமாரி என்றால் கிருஷ்ணகுமாரி. மேல்மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் கந்தையா அண்ணனோடு இறங்கி வருவாள். அந்தத் தோட்டத்தில் மற்ற எல்லாரும் அங்கேயே இருக்கும் சின்னக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் எங்களிடம் வருவார்கள். சாமான் வாங்கி முடிந்தால், தோட்டத்து பஸ் புறப்படும்வரை குமாரிக்கு என் மேசைக்குப் பக்கத்து அரிசி மூட்டைதான் நாற்காலி. வாய் நிறைய வெற்றிலை. கண் எனக்கு என்றால் வாய் அவளுக்கு.

"அந்தக் கூடையப் பாருங்க ஸபியாக்கா. நாலு சவுக்காரம், ஒரு கிலோ அரிசி. குளிச்சே வயித்த நெப்புவாங்க போல."

சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவருடைய பில்லை இன்னொருவருக்குப் போட்ட நாட்களும் உண்டு. கந்தையா அண்ணன் இதெல்லாம் காதில் விழாதவர்போல் வாசல் தூணில் சாய்ந்து நிற்பார். தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலிலேயே வேலை செய்து பழகியதாலோ என்னவோ, மனிதர் வாயைத் திறக்கவே மாட்டார்.

எனக்கும் குமாரிக்குமான சண்டை என் மதினி றமீலா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. என் வீட்டில் எல்லா மசாலாவும் என் கையால் அம்மியில் அரைப்பதுதான் என்று காலையில்தான் அவளிடம் அளந்திருந்தேன். அன்று உண்மையில் நேரம் இருக்கவில்லை. தட்டிலிருந்த கோழி மசாலாப் பொட்டலம் ஒன்றை மெதுவாக எடுத்து என் பைக்குள் போட்டேன்.

"ஐயையோ ஸபியாக்கா! புரியாணி போடுற வீட்டுல பக்கெட்டுத் தூளா?"

கடையே திரும்பிப் பார்த்தது. றமீலாவும் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒன்ட வாய வெத்தில மெல்லுறதுக்கு மட்டும் வெச்சிக்க குமாரி" என்றேன்.

அவளும் லேசுப்பட்டவளா? மூட்டையைவிட்டு எழுந்தாள். "ஊரு கூடையெல்லாம் பாத்துச் சிரிக்கிறீங்க. ஒங்க பைய ஒருத்தி பாத்தா மட்டும் சுடுதோ? இனிமே இந்தக் கடப் படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க."

போய்விட்டாள். அவள் சொன்னது நியாயமா இல்லையா என்பது வேறு கதை. சொல்ல வேண்டிய இடமா அது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கந்தையா அண்ணன் தனியாக வந்தார். அரிசி, பருப்பு, கருவாடு, அவளுடைய வெற்றிலை பாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு நன்றாகத் தெரியும்படி, அதே கோழி மசாலாப் பக்கெட் மூன்று.

"இது குமாரி வாங்கச் சொன்னதா?"

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அடுத்த வாரத்துக்கு அம்மியில் அரைத்த என் மசாலாவை ஒரு பையில் கட்டி வைத்திருந்து அவர் கூடையில் போட்டேன். "இத அவகிட்ட குடுங்க அண்ணே. பக்கெட்டுத் தூளில்ல எண்டு சொல்லுங்க." அதற்கடுத்த வாரம் அந்தப் பை கழுவி மடித்துத் திரும்பி வந்தது. கந்தையா அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மல்லி கூடிப்போச்சாம்."

அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்! இன்னும் கொஞ்ச நாளில் படியேறி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நானாக அழைக்க மட்டும் வாய் வரவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று அவரிடம் கேட்கவும் வரவில்லை. கேட்டால் நான் தோற்றதாகிவிடாதா? கூடையைப் பார்த்தே அவளுடைய சுகத்தைத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கூடை மாறத் தொடங்கியது. முதலில் கருவாடு நின்றது. அதற்கு நான் கலங்கவில்லை. தோட்டத்து ஆட்கள் அடிக்கடி விரதம் இருப்பார்கள். ஆனால் அடுத்த தடவை வந்தபோது கந்தையா அண்ணனின் முகத்தில் தாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சவரம் செய்யாமல் வராத மனிதர். கூடையில் கொஞ்சம் அரிசி, கற்பூரம், கறுப்பு எள்ளு. நான் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு கூடையை மறுபடி பார்த்தேன். வெற்றிலை இல்லை. பாக்கும் இல்லை.

மச்சம் மாமிசம் தொடாத, சவரம் செய்யாத ஆம்பிளை. இறந்தவர்களுக்கு இறைக்கிற எள்ளு. குமாரி உயிரோடு இருக்கும்வரை அந்தக் கூடை வெற்றிலை இல்லாமல் என் கடையைவிட்டு வெளியே போகாது.

கேட்க வாயெடுத்தேன். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

வரிசையில் நின்றவர்களுக்கு எப்படிப் பில் போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. லாபிர் வந்து பார்க்கும்போது மேசையில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன்.

"குமாரி மௌத்தாப் போயிட்டா" என்றேன்.

"யார் சொன்ன?"

"கூடை சொல்லுது."

"ஒனக்குப் பைத்தியம். அந்த மனுசனிட்ட ஒரு வார்த்த கேட்டீந்தா வாய் வெந்து போகுமா?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஒரு பக்கெட் தூளுக்காகப் பேசாமல் இருந்ததில், சாவுச் செய்திகூட எனக்குச் சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிட்டதே.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். வெறுங்கையோடு மரண வீட்டுக்குப் போக முடியாதே. சீனி, பிஸ்கட், ஊதுவத்தி, ஒரு பெரிய தேயிலைப் பக்கெட் எல்லாம் பையில் போட்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்துக்கே தேயிலை கொண்டுபோகும் அளவுக்கு என் புத்தி கலங்கியிருந்தது. கொண்டக்டர் பையைப் பார்த்தான்.

"மளகெதரகடத நோனா?" என்று மெதுவாகக் கேட்டான். சாவு வீட்டுக்கா என்று அவனுக்கும் பையே சொல்லிவிட்டது. நான் தலையாட்டினேன். பக்கத்திலிருந்த சிங்களப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மலை ஏறி முடியும்வரை விடவில்லை.

அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்தில் பந்தல் இல்லை, கூட்டமும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசி வீட்டுக் காம்பிரா வாசலில் ஒருத்தி குந்தியிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

குமாரி.

அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள். சீனி, பிஸ்கட், ஊதுவத்தி என்று அவள் கண் ஒவ்வொன்றாகப் போனது.

"யாரு செத்தா ஸபியாக்கா? எங்க லயத்துல யாரும் இல்லியே."

"நீ" என்றேன்.

கீரை கீழே கொட்டியது. எழுந்து வந்து பையை என் கையிலிருந்து வாங்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வாசற்கல்லில் வைத்தாள்.

"சீனி. பிஸ்கட்டு, அதுவும் கிறீம் இல்லாதது. இது என்ன, தேயிலயா? எனக்கே தேயிலயா?" இடுப்பில் கை வைத்தாள். "நான் செத்தா இவ்வளவுதானா ஸபியாக்கா? ஒரு மாஜரீன் கட்டிக்குக்கூட நான் பெறமாட்டேனா?"

அவள் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லயமே எட்டிப் பார்க்கும்படி அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கவனித்தேன். பல்லில் சிவப்பில்லை.

"வெத்தில எங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. உள்ளே அழைத்துப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள்.

"கன்னத்துக்குள்ள ஒரு கட்டிக்கா. ரத்னபுரி பெரியாஸ்பத்திரியில ஒரு துண்டு வெட்டி கொழும்புக்கு அனுப்பியிருக்காங்க. வெத்திலய விடச் சொல்லிட்டாங்க. அவரு கதிர்காமத்துக்கு நேந்துக்கிட்டாரு. முடி எறக்குற வரைக்கும் சவரம் கெடையாது, கருவாடு கெடையாது. பொரட்டாசிச் சனிக்கு எனக்காக எள்ளு வெளக்குப் போடுறாரு. வர்ற வெள்ளிக்கெழம ரிப்போட்டு."

பஸ்ஸில் வரும்போது செத்துப்போன ஒருத்திக்காக அழுதேன். இப்போது உயிரோடு இருக்கிற ஒருத்திக்காகப் பயப்பட வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"என்கிட்டச் சொல்லீக்கலாமே குமாரி."

"எப்பிடிச் சொல்றது? நீங்க என்னையப் பாத்தா ஒரே பார்வையில முடிவு சொல்லிருவீங்க. அந்தப் பார்வையத்தான் பயந்தேன்."

என் சாவுச் சீனியைப் பிரித்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணீர் ஊற்றினாள். குடித்தோம். நல்ல தேத்தண்ணீர். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். கடையை யார் பார்ப்பது என்று கேட்டாள். லாபிர் பார்க்கட்டும், அவருக்கும் நாலு கூடை கிடைக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் ரத்னபுரிக்குப் போனோம். ஆஸ்பத்திரிக் கொரிடோரில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். ஒருவருடைய பையையும் நான் பார்க்கவில்லை. குமாரி என் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். கந்தையா அண்ணன் சுவரோரம் தாடியோடு நின்றார். பெயரைக் கூப்பிட்டார்கள். கூட வருவது யார் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டாள். "மகே அக்கா" என்றாள் குமாரி, என் அக்கா என்று. நர்ஸ் என் முக்காட்டையும் அவள் பொட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இருவரையும் உள்ளே விட்டாள்.

டொக்டர் தாளைப் புரட்டினார். புற்றுநோய் இல்லை என்றார். கட்டியை எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வெற்றிலையை இனி வாழ்க்கையில் தொடக்கூடாது. குமாரி "பொட்டக்வத் பே தொக்டர்?" என்று கேட்டாள், கொஞ்சம்கூடவா என்று. அவர் முறைத்தார். நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒண்டுமில்லயாம் அண்ணே. கேன்சர் இல்லயாம்."

கந்தையா அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுவரோடு வழுக்கி அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு அழுதார். மெதுவாக இல்லை. அந்தக் கொரிடோர் முழுக்கக் கேட்கும்படி, வாயைப் பொத்தாமல் அழுதார்.

"எந்திரிங்க. என்னங்க இது, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் குமாரி.

"நான் பேசத் தெரியாதவன்" என்றார் அவர். "இவ போயிட்டா அந்த வீட்டுல யாரு பேசுவா? சொல்லுங்க மொதலாளியம்மா, யாரு பேசுவா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். என்ன நடந்தது, யாருக்கு என்ன, இந்த முஸ்லிம் பெண் யார் என்று அவர்கள் கணக்குப் போடுவது தெரிந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் குமாரியும் அவருக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்துகொண்டோம்.