பெரியவர் கால் வைக்கும் இடம்

முப்பத்தாறு வருஷமாக நான் ஒரே ஆளைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன். அது போலீசும் இல்லை, புருஷனும் இல்லை. கடலிலிருந்து எழுந்து வந்து ஊரை மிதிக்கிற ஒரு ராட்சத மிருகம். இதுவரை பதினோரு படம் வந்திருக்கிறது. பதினொன்றிலும் கூட்டத்தோடு கூட்டமாக அலறிக்கொண்டு ஓடுகிற துணை நடிகை நான். மிருகத்துக்குப் படத்தில் ஏதோ பெயர் உண்டு. நாங்கள் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். இத்தனை வருஷம் சோறு போட்டவரை அது, இது என்று சொல்ல வாய் வரவில்லை.

பன்னிரண்டாவது படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் போன் செய்தபோது என் இடது முழங்கால் வீங்கி, ஐஸ் பைக்கு அடியில் கிடந்தது.

"ஓடுவீங்கல்ல?" என்றார்.

"என்ன கேள்வி இது? போன படத்துல யாரு முன்னாடி ஓடுனா?"

போன படம் வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மகள் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூட்டு மாற்று ஆப்பரேஷனுக்கு எனக்கு இரண்டு முறை தேதி வாங்கிக் கொடுத்தாள். இரண்டையும் தள்ளிப்போட்டேன். மூன்றாவது தேதி, வருகிற பதினாலு.

"இந்தத் தடவையும் தள்ளிப்போட்டா நான் டாக்டர் மூஞ்சில எப்படிம்மா முழிக்கிறது?"

"ஷூட்டிங் முடியட்டும்டி."

"ஓடி ஓடித்தான் அந்த மூட்டே தேஞ்சுது. இன்னும் ஓடப்போறேங்கற."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஆப்பரேஷன் என்றால் ஆறு மாதம் வீட்டோடு. அதற்குப் பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், மாற்றுமூட்டோடு வந்து நிற்கிறவளை எந்த ஏஜென்ட் ஓடக் கூப்பிடுவார்? எனக்கு அந்த ஷூட்டிங் தெருவில் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் நான் யாரோ ஒருத்தி. அந்தத் தெருவில், பெரியவர் வருகிறார் என்று குரல் கேட்கிற நிமிஷத்தில், உச்சந்தலை வரை எனக்கு உயிர் ஓடும். இதை மகளிடம் சொன்னால் சிரிப்பாளோ என்று மென்று முழுங்கிவிட்டேன். மூட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டி, மேலே தொளதொளவென்று ஒரு பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஷூட்டிங்குக்குக் கிளம்பினேன்.

துணை நடிகர்களுக்கான ஷெட்டில் கொக்கு எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், எலும்பும் தோலுமான உடம்பு. அதனால்தான் அந்தப் பெயர். இருபத்தாறு வருஷமாக எனக்கு இடது பக்கம் ஓடுகிறவர். நாலாவது படத்தில் சேர்ந்தார். அதனால் நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றும்தான் உலகத்திலேயே உசத்தி என்று சாதிப்பார்.

"பெரியவர் நல்லவரா இருந்த காலம் அதான்," என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "கொழந்தைங்க கையாட்டுனா நின்னு திரும்பிப் பாப்பாரு. அவருக்குன்னு ஒரு மனசு இருந்துச்சு."

"ஆறாவதுல சண்டைல ஜெயிச்சுட்டு டான்ஸ் ஆடுனாரே, அதுவும் மனசுதானா?"

"பசங்க கைதட்டுனாங்கல்ல."

"நீங்களுந்தான் தட்டுனீங்க. அதான் எனக்குக் கவலை."

பக்கத்தில் இருந்த புதுப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்னால் கொக்குவிடம் நான் எதையும் ஒத்துக்கொள்வதில்லை. உண்மையில் அந்த மூன்று படமும் கையைச் சுருக்கி எடுத்தவை. முதல் படத்தில் நான் ஓடியதையே வெட்டி நாலாவதில் ஒட்டினார்கள். ஒரு தெருவில் முப்பத்திரண்டு வயது நான் சிரித்துக் கையாட்டுகிறேன், அடுத்த தெருவில் இருபத்திரண்டு வயது நான் அலறிக்கொண்டு ஓடுகிறேன். ஆனால் அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. தியேட்டரில் மடியில் உட்கார்ந்து பார்த்தவள், பெரியவர் கடலுக்குள் இறங்கிப் போனதும், "நாளைக்கும் வருவாராம்மா?" என்று கேட்டாள். ஒரு பிள்ளையை அப்படிக் கேட்க வைத்த படத்தை மொத்தமாகக் குப்பை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

"அப்ப உங்களுக்கு எதும்மா பிடிக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இவங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று கொக்கு எனக்காகப் பதில் சொன்னார். "பழசுதான் இவங்களுக்குச் சினிமா."

முதல் மூன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் யாரும் அவற்றில் ஓடினவர்கள் இல்லை. இடிகிற கட்டடத்துக்கு நிஜ சிமென்ட் தூளைக் கொட்டினார்கள். ஒரு வாரம் இருமினேன். பெரியவர் ரப்பர் உடுப்புக்குள் ஒரு ஆள். இரண்டாவது படத்தில் முதுகு ஜிப் பளிச்சென்று தெரியும். விஞ்ஞானி பத்து நிமிஷம் நின்று பாடம் நடத்துவார், கதாநாயகி மூன்று முறை மயங்கி விழுவாள். ஆனால் பெரியவரை ஒரு மணி நேரம் காட்டவே மாட்டார்கள். சத்தம் மட்டும்தான். அதற்கே பிள்ளைகள் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிவார்கள். எங்களை விரட்ட லாரி அளவுக்கு மரத்தில் ஒரு கால் செய்து, கிரேனில் கட்டித் தூக்கிப் போட்டார்கள். அது விழுந்தால் தரை அதிரும். நடிக்கவே வேண்டாம்.

"ஏழு, எட்டு, ஒம்போது?" என்றாள் அந்தப் பெண்.

"மீட்டிங்," என்றோம் கொக்குவும் நானும் ஒன்றாக. எங்களுக்குள் சண்டை இல்லாத ஒரே இடம் அது. பாதிப் படம் அதிகாரிகள் ஒரு மேஜையைச் சுற்றி நின்று பேசுவார்கள். வெடி வைத்ததில் என் ஒரு புருவம் கருகியது. சாப்பாட்டு வேளை வரைக்கும் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் இடுப்பளவு உயரத்தில் ஒரு முழு ஊரைச் செய்து, ஜன்னல் ஜன்னலாக விளக்கு வைத்திருந்தார்கள் பாருங்கள், அந்த அழகு பிறகு வரவில்லை. எட்டாவதில் பெரியவர் சாகிறபோது தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த ஒரு தடியர் கைக்குட்டையை எடுத்தார். நானும் அழுதேன்.

கடைசி இரண்டும் கம்ப்யூட்டரில் செய்தவை. தோலும் மூச்சும் ஈரக் கண்ணும் அசல் மாதிரியே இருக்கும். தூசியில்லை, தீயில்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் ராத்திரி, எப்போது பார்த்தாலும் மழை, வால் எது தலை எது என்று தெரியாது. நடையும் கடிகாரம் மாதிரி. இரண்டு அடி பார்த்தால் மூன்றாவது எப்போது விழும் என்று சொல்லிவிடலாம். கூட்டத்தையும் நகல் எடுத்து நிரப்பினார்கள். ஒரே தெருவில் நான் ஆறு இடத்தில் ஓடுகிறேன். அதில் ஒரு நான் கதாநாயகன் பக்கத்தில் இருந்ததால் புகார் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். தெருவில் மூன்று கடைகள்தான் நிஜம். மிச்சமெல்லாம், பிறகு கம்ப்யூட்டரில் ஊரை நிரப்பிக்கொள்ளப் பச்சைத் துணி. நாங்கள் அறுபது பேர். டைரக்டர் என் மகள் வயதுப் பெண். ஒலிபெருக்கியைத் தானே வாங்கிப் பேசினாள்.

"இந்தப் படத்துல மழையும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. பட்டப்பகல்ல காட்டப்போறோம். அதனால உங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் தெரியும். அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னாடிதான் அது வருது. மேல பாத்துட்டே ஓடுங்க."

ஓடினோம். முதல் இருபது அடி பறந்தேன். விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது மூட்டு ஒரு பக்கமாக மடங்கியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். பின்னால் வந்த மூன்று பேர் என் மேல் மோதினார்கள். "கட்" என்றார்கள்.

ஏஜென்ட் ஓடி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீங்க ஓரமா உக்காந்துக்கங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

கொக்கு என் கையைத் தோளில் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே முடிந்துவிட்டது என்று புரிந்தது. டைரக்டரின் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேண்ட்டின் மேலேயே மூட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கூடாரத்துக்குள் மானிட்டரில் எடுத்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எனக்கும் தெரிந்தது. அறுபது பேரும் அறுபது பக்கம் பார்க்கிறார்கள். ஒருத்தர் விமானம் தேடுகிறார், ஒருத்தி மழை வருமா என்று பார்க்கிறாள். பயந்த மாதிரி யாருமே இல்லை.

"நிறுத்துங்க," என்றாள் டைரக்டர். "இந்த அம்மா எதைப் பாக்கறாங்க?"

திரையில் நான்தான். விழுவதற்கு முந்தின நொடி. எல்லோரும் மேலே பார்க்க, நான் மட்டும் திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். நடக்க முடியாததை மறைக்காமல் நொண்டிக்கொண்டு போய் நின்றேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மேல பாக்கச் சொன்னோமே. நீங்க ஏன் கீழ பாத்தீங்க?"

"கால் எங்க விழுதுன்னு பாத்தேன் மேடம்."

"காலா?"

"மிதிக்க வர்றவரோட மூஞ்சிய யாராவது பாப்பாங்களா? அடுத்த அடி எங்கன்னுதான் பாப்பாங்க. பாத்துட்டு அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் ஓடுவாங்க. முதல் படத்துல மரக்கால் மேல இருந்து விழும். அண்ணாந்து பாத்துட்டு நின்னவங்க அடிபட்டாங்க. நாங்க எல்லாம் தரையத்தான் பாத்தோம்."

அவள் மானிட்டரில் என் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"அந்தக் கால் எப்படி விழும்? காட்ட முடியுமா?"

லைட் ஆட்களிடம் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு வாங்கிக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போனேன். கம்பு நான் ஊன்றி நடக்கவும் வேண்டியிருந்தது. கம்பு ஊன்றுகிற இடம்தான் பெரியவரின் பாதம் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். அறுபது பேரும் என் எதிரே, முதுகைக் காட்டி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் தடவையாக நான்.

கம்பை ஓங்கி ஊன்றினேன். தார் ரோட்டில் 'தம்' என்றது. வலது கால் சட்டென்று விழுந்தது. இடது காலை இழுத்துக்கொண்டு வருவதற்கு நேரம் ஆனது. ஒரு தம், பிறகு நீண்ட இடைவெளி, எப்போது வருமென்று தெரியாத அடுத்த தம். முன்னால் ஓடுகிறவர்களால் அதைக் கணக்குப் பண்ண முடியவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள், என் கம்பின் நுனியை. கொக்கு நிஜமாகவே மூஞ்சி வெளிறி, ஒரு பெண்ணைக் கையால் தள்ளிவிட்டு ஓடினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வலியில் எனக்கு உயிர் போனது, சந்தோஷமும் தாங்கவில்லை.

"கட்," என்ற குரலுக்குப் பிறகு கூடாரத்தில் யாரோ கைதட்டினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டார்கள். கிராபிக்ஸ் செய்கிறவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"பார்வை எல்லாம் சரியா வந்துருக்கு மேடம். ஆனா அடி சமமா இல்ல. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கட்டுமா?"

"தொடாதீங்க," என்றாள் டைரக்டர். "முப்பத்தாறு வருஷமா ஊர் ஊரா மிதிச்சிருக்கு. எட்டாவதுல செத்துப் பொழைச்சிருக்கு. அதுக்கு மூட்டு வலிக்காதா? இந்தப் படத்துல அது இப்படித்தான் நடக்கும்."

"அது இல்ல மேடம், அவர்," என்றேன் நான். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவள் சிரித்தாள். "சரி, அவர். கூட்டம் ஓடுற சீன் இன்னும் ஒம்போது இருக்கும்மா. எல்லாத்துக்கும் நீங்கதான் நடக்கணும். காலுக்கு வைத்தியம் பாக்கறீங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி ஆசையாக இருந்தது. பிறகு சொல்லிவிட்டேன்.

"பதினாலாம் தேதி ஆப்பரேஷன்."

டைரக்டர் ஷெட்யூல் தாளை எடுத்து நாலு கோடு கிழித்தாள். கதாநாயகனின் வீட்டுக் காட்சிகளையெல்லாம் பதினாலுக்குப் பின்னால் தள்ளினாள். "அதுக்கு அப்புறம் நீங்க நேரா நடக்க ஆரம்பிச்சுருவீங்க. அது அவரோட நடையா இருக்காது. பதிமூணுக்குள்ள உங்களோடத முடிச்சுருவோம். நடுநடுவுல உக்காந்து உக்காந்து நடங்க."

ஏஜென்ட் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொக்கு டீ கொண்டுவந்தார். சாய்த்து வைத்திருந்த கம்பைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பயந்துட்டீங்களா?" என்றேன்.

"நாலாம் படத்துல நீங்க இப்படி நடந்திருந்தா பசங்க யாரும் கையாட்டிருக்க மாட்டாங்க," என்றார். பயமுறுத்துகிற என் காலத்துப் பெரியவரை அவர் பாராட்டியது அன்றுதான்.

மகளுக்குப் போன் போட்டேன். வார்டில் இருந்தாள். பின்னால் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினாலாம் தேதி உறுதியா வரேன்டி. டாக்டர்கிட்ட சொல்லிடு."

அவள் உடனே நம்பவில்லை. "என்னாச்சும்மா? விழுந்துட்டியா? ஷூட்டிங்லேர்ந்து அனுப்பிட்டாங்களா?"

"விழுந்தேன். அனுப்பல."

"அப்ப ஓடுறத விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்," என்றேன். "இப்ப எல்லாரும் என்னைப் பாத்துதான் ஓடுறாங்க."